சென்னைக்கும் சிங்கைக்கும் எவ்வளவு தூரம்?

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று ஒரு பள்ளிச் சிறுவனைக் கேட்டால், அவன் தேசப்படத்தை விரித்து, அளவுகோலை வைத்துப் பார்த்து, ஏறக்குறைய 1,800 மைல், அதாவது 2,900 கிலோமீட்டர் என்று விடை கூறிவிடுவான். எவ்வளவு நேரப் பிரயாணம் என்று கேட்டால், ஆகாய விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம் என்பான். சிங்கையில் இறங்குவோர் தம் கடிகாரத்தை இரண்டரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வானாயின், அவனைக் கெட்டிக்காரன் என்றே மெச்சலாம். பள்ளிக்கூடக் கணக்கு இத்துடன் முடிந்தது. சரித்திரக் கணக்கு இனிமேல்தான் தொடங்குகிறது.

இந்த 1,800 மைல் நம் பாட்டனார் காலத்திலும் 1,800 மைலாகவே இருந்தது. அவர்க்கு ஆயிரம் ஆண்டு முன்னும் அவ்வாறே இருந்தது. ஒரு விரற்கடையேனும் கடல் சுருங்கியதில்லை. எனினும், அதே கடல் ஒருவனுக்கு ஒரு மாத வழியாகவும், ஒருவனுக்கு ஒரு வார வழியாகவும், வேறொருவனுக்குத் திரும்ப வழியே இல்லாத வழியாகவும் இருந்திருக்கிறது. ஆகவே, தூரத்தை அளக்க ஒரு கோல் போதாது. மைல், காலம், செலவு என மூன்று கோல்கள் வேண்டும். முதற்கோல் மாறுவதில்லை. இரண்டாவது கோல் நாம் வியக்கும்படி சுருங்கிவிட்டது. மூன்றாவது கோல் யார் கையில் இருந்தது, இன்று யார் கையில் இருக்கிறது என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த பொருள்.

காற்று காட்டிய வழி

சென்னையும் சிங்கையும் பழைய பட்டினங்கள் அல்ல. சென்னை, 1639இல் ஆங்கிலக் கம்பெனியார் கோட்டைக்கு இடம் பெற்ற பின்னர் வளர்ந்த ஊர். சிங்கை, 1819இல் ராபிள்ஸ் வந்திறங்கிய பின்னர் பெருகிய ஊர். அவற்றுக்கு முன்னர் வங்கக் கடலின் மேற்குக் கரைக்கு நாகப்பட்டினமும், கிழக்குக் கரைக்கு இன்று கெடா எனப்படும் கடாரமும் வாயில்களாக விளங்கின.

அந்நாளில் கப்பலை ஓட்டியது காற்று. வைகாசி முதல் புரட்டாசி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று பாய்மரங்களைக் கிழக்கே உந்தும். ஐப்பசிக்குப் பின் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று அவற்றை மேற்கே திருப்பும். காற்றைத் தவறவிட்டவன், அடுத்த காற்று எழும் வரையில் மாதக்கணக்கில் துறைமுகத்தில் காத்திருக்க வேண்டியதுதான். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் இ-சிங் என்னும் சீனத் துறவி எழுதி வைத்த குறிப்பொன்று உண்டு. ஊ-ஹிங் என்னும் மற்றொரு துறவி கடாரத்திலிருந்து மேற்கு நோக்கிக் கப்பலேறி, முப்பது நாளில் நாகப்பட்டினம் சேர்ந்தார் என்பது அக்குறிப்பு. நம் இரு கரைகளுக்கும் இடையே உள்ள பிரயாண நேரத்தைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய கணக்குகளுள் இஃது ஒன்றாகும். முப்பது நாள்!

அந்த முப்பது நாள் வழியில் பக்தியும் சென்றது, படையும் சென்றது. ஸ்ரீவிஜய அரசன் நாகையில் புத்த விகாரம் ஒன்று எழுப்ப, முதலாம் இராசராச சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை விட்டுக்கொடுத்தான். அவன் மகன் இராசேந்திரனோ 1025ஆம் ஆண்டளவில் அதே கடல்வழியே கப்பற்படை செலுத்திக் கடாரத்தை வென்றான். தந்தை காலத்து நட்பு மைந்தன் காலத்தில் போராயிற்று; வழி மட்டும் மாறவில்லை.

இங்கு ஒன்று கூறாமல் விடுவதற்கில்லை. வடமொழித் தரும நூல்களுள் சில, கடற்பிரயாணம் செய்தவன் சாதியிழந்தான் என்று விதித்தன. தமிழ் வணிகரும் மாலுமிகளும் அவ்விதியைப் படித்துவிட்டுக் கரையில் நின்றவர்கள் அல்லர். செட்டிகளும் மரைக்காயர்களும் ஆண்டுதோறும் காற்றை நம்பிப் பாய் விரித்தனர். ஏட்டில் எழுதியவனுக்குக் கடல் பாவமாயிருந்தது; உழைத்து உண்டவனுக்கு அது வழியாயிருந்தது.

திரும்பாதார் வழி

1786இல் பினாங்கும், 1819இல் சிங்கையும் ஆங்கிலக் கம்பெனியின் துறைமுகங்களாயின. நாராயண பிள்ளை 1819ஆம் ஆண்டிலேயே பினாங்கிலிருந்து சிங்கைக்கு வந்து, செங்கற் சூளையும் வணிகமும் நடத்திப் பேர் பெற்றார். அவர் தம் விருப்பத்தால் வந்தவர். ஆறாண்டு கழித்து, 1825இல், பெங்கூலன் என்னுமிடத்திலிருந்து வேறொரு கூட்டம் கொண்டுவரப்பட்டது. அவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். சென்னை மாகாணத்தாரும் அவர்களுள் இருந்தனர். சிங்கையின் சாலைகளையும், செயின்ட் ஆண்ட்ரூஸ் மாதா கோயிலையும், இன்று இஸ்தானா எனப்படும் கவர்னர் மாளிகையையும் எழுப்பிய கைகளுள் கைதிகளின் கைகளே மிகுதி. ஆயுள் தண்டனை பெற்று வந்தவனிடம், சென்னை எத்தனை நாள் வழி என்று எவரேனும் கேட்டிருந்தால், அவன் என்ன விடை கூறியிருப்பான்? வணிகனுக்கும் கைதிக்கும் கடல் ஒன்றே; காற்றும் ஒன்றே. தூரம் மட்டும் ஒன்றன்று.

ஆவியும் கடனும்

பிறகு நீராவிக் கப்பல் வந்தது. 1861இல் நாகையிலிருந்து தஞ்சைக்கும், அடுத்த ஆண்டில் திருச்சிக்கும் ரயில் பாதை போடப்பட்டது. உள்நாட்டுக் கிராமத்து உழவன், துறைமுகத்துக்கு வர மாட்டு வண்டியில் நாட்கணக்கில் அலைய வேண்டியதில்லை என்றாயிற்று. நாகைக்கும் பினாங்குக்கும் இடையே சுமார் 1,300 கடல் மைல். மணிக்கு 12 கடல் மைல் ஓடும் கப்பல் அதனை ஐந்து நாளுக்குள் கடந்துவிடும். சென்னையில் புறப்பட்டு நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் ஆகிய துறைகளைத் தொட்டுச் சிங்கை சேர ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். முப்பது நாள் ஏழு நாளாயிற்று. காற்றின் அடிமைத்தனம் ஒழிந்தது.

ஆயின், மனிதனின் அடிமைத்தனம் ஒழிந்ததா? ஒப்பந்தத் தொழிலாளி கப்பலேறும் போதே கப்பற் கட்டணம் அவன் பெயரில் கடனாக எழுதப்பட்டது. அக்கடன் தீரப் பெரும்பாலும் மூன்று ஆண்டு அவன் ஒரே முதலாளியிடம் கட்டுண்டு உழைக்க வேண்டும். விட்டு ஓடினால் சிறை. எனவே, கப்பல் ஒரு வாரத்தில் கடந்த கடலைத் தொழிலாளி மூன்று ஆண்டு கடந்துகொண்டிருந்தான் என்பதே உண்மைக் கணக்கு. கங்காணி மூலம் வந்தவர்க்கு ஒப்பந்தச் சீட்டு இல்லை. ஆனால் முன்பணம் என்னும் கயிறு இருந்தது.

1907ஆம் ஆண்டில் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று சட்டப்படி ஏற்படுத்தப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு முதலாளியும், தம்மிடமுள்ள ஆட்களின் கணக்குப்படி அந்நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்நிதியிலிருந்து தொழிலாளரின் கப்பற் செலவு கொடுக்கப்படும். இஃது இரக்கத்தால் பிறந்த ஏற்பாடன்று. ரப்பர் தோட்டங்கள் பெருகப் பெருக ஆட்கள் வேண்டியிருந்தனர். ஒருவர் செலவிட்டுக் கொணர்ந்த ஆளை இன்னொருவர் இழுத்துக்கொள்வதால் எழுந்த தகராற்றைத் தீர்க்கவே முதலாளிமார் இதற்கு இசைந்தனர். நோக்கம் யாதாயினும் பயன் ஒன்று விளைந்தது. இந்நிதியின் உதவியால் வந்த தொழிலாளி, கப்பற் கட்டணக் கடனின்றி இக்கரையில் கால் வைத்தான். ஒப்பந்த முறையும் 1910இல் மலாயாவுக்கு நிறுத்தப்பட்டது.

இதனால் யாவும் நன்மையாயிற்று என்று எண்ணற்க. டெக் பிரயாணிகள் பாய் விரித்த இடமே அவர்களுக்கு அறை. 1926இல் கட்டப்பட்டு, நம்மவர் வாயில் நீங்காப் பெயராகிவிட்ட ‘ரஜூலா’ கப்பல், தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது என்றால், அங்கு ஒருவன் கால் நீட்ட எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பினாங்கில் இறங்குவோர் ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் தங்கிய பின்னரே தோட்டம் செல்ல முடியும். 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் முக்கியமான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும், பெண்ணுக்கு 40 காசும் சம்பளம் என வரையறுக்கப்பட்டது. ஆண் கடந்த கடலையேதான் பெண்ணும் கடந்தாள். அவளுக்காகக் கடல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததா? சம்பளம் மட்டும் குறைந்தது.

டெக்கில் யாவரும் நெருக்கியடித்துப் படுத்தனர். அங்கு வருண வரிசைப்படி இடம் ஒதுக்க எவராலும் முடிந்திராது. ஆனால் தோட்டத்து லயங்களில் இன்ன சாதிக்கு இன்ன லயம் என்னும் பிரிவினை பல இடங்களில் மீண்டும் முளைத்தது. சாதி மட்டும் டிக்கெட்டு வாங்காமலே கப்பலேறி வந்துவிட்டது! அதனை எதிர்க்கும் அறிவும் அதே கப்பல்வழியே வந்தது என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ. ராமசாமி நாகையில் கப்பலேறிப் பினாங்கு வந்து, இந்நாடெங்கும் பேசினார். 1932இல் சிங்கையில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. சுயமரியாதைக்கும் கடல்வழி உண்டு என்பதற்கு இவை சான்று.

1930ஆம் ஆண்டில் தொடங்கிய வியாபார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, வேலையற்ற பல்லாயிரவர் அதே கப்பல்களில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். முன்னாளில் காற்று மாறினால் கப்பல் திரும்பும். இப்போதோ சந்தை மாறினால் மனிதன் திரும்பினான். தோட்டச் சம்பளம் மீண்டும் குறைக்கப்பட்டதையொட்டி, 1938இல் இந்திய சர்க்கார் உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்துவிட்டது.

தந்தியும் பிணமும்

மனிதன் ஒரு வாரம் பிரயாணம் செய்த காலத்திலேயே சொல் சில நிமிஷங்களில் கடல் கடந்துவிட்டது. 1870இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கைக்கும் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. வர்த்தகர்க்கு அஃது ஒரு வரப்பிரசாதம். ரப்பர் விலை இன்னதென்று தந்தி வந்தவுடன் அன்றே வாங்கலாம், விற்கலாம்.

ஏழை வீட்டில் தந்தி என்றால் என்ன பொருள் என்பதைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. தந்திச் சேவகன் தெருவில் நுழைந்தாலே பெண்டிர் அழத் தொடங்கிவிடுவர். தாய் இறந்தாள் என்ற செய்தி அன்றைக்கே தோட்டத்துக்கு வந்துவிடும். மகன் போய்ச் சேர அடுத்த கப்பல் எப்போது? அதில் இடம் உண்டா? கையில் பணம் உண்டா? துரை விடுமுறை தருவாரா? இவை யாவும் கைகூடினும் ஒரு வாரம் ஆகும். அதற்குள் கொள்ளி வைத்துச் சாம்பலும் கரைத்தாயிற்று. செய்தி விரைந்து வந்ததனால் துயரம் விரைந்து வந்ததேயன்றி, மகனின் கால்கள் விரைந்து செல்லவில்லை. விஞ்ஞானம் ஒன்றைக் கொடுத்து, அதன் துணையை ஏழைக்குக் கொடாமல் நிறுத்திக்கொண்டதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

சிறகு முளைத்த காலம்

1919 டிசம்பரில் ரோஸ் ஸ்மித் என்பவரும் அவர் குழுவினரும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறக்கும் வழியில் சிங்கையின் பந்தயத் திடலில் விமானத்தை இறக்கினர். விமான நிலையம் இல்லாததால் குதிரைகள் ஓடும் திடலே அதற்கு இடமாயிற்று! 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டாவின் முயற்சியால் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்குத் தபால் விமானம் பறந்தது. 1937 ஜூன் மாதம் சிங்கையில் காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. இவ்வாறு இரு முனைகளிலும் சிறகு முளைத்தது. இரண்டையும் இணைப்பதற்குள் யுத்தம் மூண்டது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கை வீழ்ந்தது. மூன்றரை ஆண்டு தாயகத்துக்குக் கப்பலில்லை. ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை இழுத்துச் சென்றனர்; பல்லாயிரம் தமிழர் அங்கேயே மடிந்தனர். சென்னை–சிங்கை வழியில் ஓடிய ‘ரோனா’ என்னும் கப்பல் படைவீரரை ஏற்றிச் செல்லும்போது, 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய விமானத்தின் குண்டுக்கு இரையாயிற்று. யுத்தம் முடிந்தபின் ‘ரஜூலா’ மீண்டும் ஓடியது.

1954இல் ஏர் இந்தியா நிறுவனம் சிங்கைக்கு விமானம் விடத் தொடங்கிற்று. மணிக்கு 500 கிலோமீட்டர் செல்லும் விசிறி விமானம் 2,900 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரம் பிடிக்கும். பின்வந்த ஜெட் விமானங்களோ, பூமிக்கு மேல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், காற்று மெலிந்து தடை குறைந்த இடத்தில், மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் செல்வன. அவ்வேகத்தில் நேர்வழிக்கு மூன்றரை மணி போதும். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால் நான்கு மணி. அன்று காற்று கப்பலின் எசமானனாயிருந்தது. இன்றோ அது விமானத்தைச் சில நிமிஷம் முந்தவோ பிந்தவோ செய்யும் அளவில் அடங்கிவிட்டது.

இத்தகைய விமானம் வந்த பின்னரும் ‘ரஜூலா’ 1973 வரையில் இவ்வழியே ஓடியது ஏன்? வானம் திறந்த அன்றே ஏழைக்கும் திறந்துவிடவில்லை. டெக் டிக்கெட்டே அவனுக்கு எட்டியது. அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ என்னும் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் நேர்ந்ததோடு, அக்கப்பலின் பிரயாணிப் போக்குவரத்து முடிவுற்றது. இன்று சென்னையிலிருந்து மட்டுமன்றித் திருச்சியிலிருந்தும் சிங்கைக்கும் கோலாலம்பூருக்கும் நேரே விமானம் உண்டு. காலையில் காவிரிக் கரையில் பல் துலக்கியவன் மாலையில் கிள்ளான் ஆற்றங்கரையில் தேநீர் அருந்துகிறான்.

இருந்தும், 2020 மார்ச்சில் கொரோனா நோயால் வழிகள் அடைபட்டன. இந்தியாவுக்கு வழக்கமான சர்வதேச விமானப் போக்குவரத்து 2022 மார்ச் 27இல்தான் மீண்டும் தொடங்கிற்று. இடையில் சிறப்பு விமானங்கள் சில பறந்தன; எல்லார்க்கும் இடம் கிடைக்கவில்லை. எத்தனையோ மக்கள் பெற்றோரின் இறுதிக் கடனைக் கைத்தொலைபேசியின் சிறு கண்ணாடியில் பார்த்து அழுதனர். தந்திக் காலத்துத் துயரம் திரும்ப வந்தது. நான்கு மணி தூரமும் அனுமதியில்லாவிடின் முடிவற்ற தூரமே என்பதை அந்த ஈராண்டுகள் நமக்குக் காட்டின.

மூன்றாவது கோல்

இனி மூன்றாவது கோலுக்கு வருவோம். இன்றும் தமிழ்நாட்டிலிருந்து சிங்கைக்கு வேலை தேடி வரும் இளைஞர்களுள் பலர் தரகனுக்குப் பணம் கொடுத்தே வருகின்றனர். நிலத்தை அடகு வைத்தும், மனைவியின் தாலிக்கொடியை விற்றும் கட்டும் அப்பணம் மீளப் பல மாதச் சம்பளம் வேண்டும். சிலர்க்கு ஆண்டுக்கு மேலும் ஆகும். மலேசியத் தோட்டங்களுக்கு வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வரும் சகோதரர் பலரின் கதையும் இதுவே. டாக்காவிலிருந்து கோலாலம்பூருக்கும் சுமார் நான்கு மணி நேரமே. தோட்ட அலுவலகங்களில் சம்பளப் புத்தகம் எழுதும் நாம், வந்தவன் முகத்தைப் பார்த்தே அவன் எவ்வளவு கடனுடன் வந்தான் என்பதை உணர்ந்துகொள்ளுகிறோம். அவன் முதல் மாதச் சம்பளத்தை வாங்கும்போது எண்ணுவது தன் பணத்தையன்று, தரகனின் பணத்தை.

1907இல், வெள்ளைத் தோட்ட முதலாளியின் காலத்தில், சுயநலத்தாலேனும் கப்பற் கட்டணத்தை முதலாளிமார் தலையில் வைத்தது அக்காலச் சட்டம். இன்று, விமானத்தின் காலத்தில், அந்தச் சுமை மீண்டும் ஏழையின் தலைக்கு இறங்கிவந்திருப்பது நாகரிகமாகுமா? வேலைக்கு அமர்த்துவதற்காகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கலாகாது என்பது சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1997இல் இயற்றிய 181ஆம் எண் உடன்படிக்கையின் பொதுவிதி. பிறருடைய பாஸ்போர்ட்டை அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம் என்பது மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சட்டம். விதிகள் இருக்கின்றன. அவற்றை அறிந்தவர் சொல்ல வேண்டும். அறியாதார் கேட்க வேண்டும்.

ஆகவே, வாசகர்களே! உங்கள் உறவினர் எவரேனும் ஊரிலிருந்து வேலைக்கு வருவதாகக் கடிதம் எழுதினால், எத்தனை மணிக்கு விமானம் என்று கேட்பதற்கு முன், இதற்கு யார் பணம் கட்டுகிறார், எவ்வளவு, ரசீது உண்டா என்று கேளுங்கள். உங்கள் தோட்டத்துக்கு வரும் அந்நிய மொழித் தொழிலாளியைக் கண்டால், ஜெரெஜாக் தீவில் மூட்டையுடன் நின்ற உங்கள் பாட்டனாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் மொழி வேறு, மதம் வேறு; அவன் முதுகில் உள்ள சுமை நம் பாட்டனார் சுமந்ததே.

சென்னைக்கும் சிங்கைக்கும் எவ்வளவு தூரம்? பாய்மரத்துக்கு ஒரு பருவம். ஆவிக் கப்பலுக்கு ஒரு வாரம். விமானத்துக்கு நான்கு மணி. கடன்பட்டுப் பறந்துவந்தவனுக்கோ, அக்கடனின் கடைசிக் காசு தீரும் நாள் வரையில். அந்தத் தூரத்தைக் குறைக்கும் வேலை எந்த யந்திரத்துக்கும் உரியதன்று, நமக்கே உரியது.